முச்சந்தியில் உடைத்த பரங்கிக்காய்

எங்கள் சந்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘மாத்தா மாத்தா.’ அந்தக் காலத்தில் பினாங்கில் போலீஸ்காரரை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி. முதுகுக்குப் பின்னால் சொன்னதெல்லாம் சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்துவிடும். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்று இந்த வயதில் ஒத்துக்கொள்கிறேன்.

டத்தோ கிராமாட் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து அது. மொத்தம் பதினான்கு வீடுகள். எல்லாம் பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் “நூறு வயசு” என்பார்கள், அவ்வளவு நெருக்கம். மலாய்க்காரக் குடும்பம் இரண்டு, சீனக் குடும்பம் ஒன்று, மற்றதெல்லாம் நம் ஆட்கள். அதில் பாதி இந்து, பாதி முஸ்லிம். மாட்டுவண்டி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு பதினேழு வயதில் நான் அங்கே வந்து சேர்ந்தேன். பெரிய ரோட்டில் ட்ராம் மணியடித்துக்கொண்டு போகும். விடிகாலையில் சீனக் கடையில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசமும், நாலு வீட்டு அடுப்புப் புகையும், மழையில் ஊறிய அத்தாப்பு வாசமும் ஒன்றாக வரும். இன்றைக்கும் மழை பெய்தால் என் மூக்கு அதைத் தேடுகிறது. எங்கே போக, அந்தச் சந்தே இப்போது இல்லை.

நான் வந்த முதல் வருஷமே பக்கத்துச் சந்தில் தீப்பிடித்தது. ஒருத்தி அடுப்பை அணைக்காமல் பைப்படிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். தண்ணீர் பிடிக்கப் போனால் சும்மா வருவோமா? நின்று நாலு வார்த்தை பேசியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் நான்கு வீடு போய்விட்டது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அந்தப் பெண் நடு ரோட்டில் உட்கார்ந்து, வெறும் சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அழவில்லை, பேசவில்லை, பானையை விடவும் இல்லை. அன்றைக்கு எனக்குள் புகுந்ததுதான் இந்த மாத்தா மாத்தா வேலை. யாரும் எனக்குச் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை.

அடுப்பை அணைக்காமல் எவளும் வாசல் தாண்டக் கூடாது. அணைத்தேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், உள்ளே போய்க் கையை வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னில் மணல் நிரப்பி வாசலில் வைக்க வேண்டும். அதில் பூனை போய்விட்டால் மாற்ற வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும், நிமிர்த்திப் போட்டால் கொசு. மீன் கழுவின தண்ணீரைச் சந்துக் கால்வாயில் ஊற்றக் கூடாது, கடைசி மரத்தடிக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஆம்பிளைகள் வேலைக்குப் போன பிறகு வளையல்காரன், பாய்க்காரன், ஜோசியக்காரன் என்று புதுமுகம் எது வந்தாலும் தனியாகக் கதவைத் திறக்காதே, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு பேசு. ஒருமுறை அப்படி வந்த ஒருத்தன் பத்து வீடும் ஏறி, பத்து வீட்டிலும் ரெண்டு ரெண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, “இந்தச் சந்துல ஒத்தைப் பொம்பளையே கிடையாதா?” என்று சலித்துக்கொண்டு போனான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

தீபாவளிக்குப் பட்டாசு சந்துக்குள் கிடையாது, திடலில்தான். சீன வீட்டுக்காரம்மாவிடமும் போய்க் கையைக் காட்டி, கூரையைக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு, அந்த வருஷச் சீனப் பெருநாளுக்குச் சரவெடியைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு நடந்தாள். பின்னாலேயே எங்கள் பிள்ளைகள் அத்தனையும் ஓடின. இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கத்தினேன், திட்டினேன், ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் கையை விட்டேன். ஒருத்தர்கூட என்னை “நீ யாருடி?” என்று கேட்கவில்லையே! அது பயமில்லை. அவர்களுக்கு என் மேல் ஒரு பாசம் இருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவர் எதிர்வீட்டுச் சோற்றுக்கார அண்ணன். நாசி கண்டார் விற்கிறவர். ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம், நாற்பது வயதிருக்கும், குடும்பம் ஊரில். நீளக் கம்பின் ஒரு பக்கம் சோற்றுக்கூடை, மறுபக்கம் குழம்புச் சட்டிகள், அதைத் தோளில் வைத்துத் துறைமுகத்துக்கு நடப்பார். விடியும் முன்பே அடுப்பு மூட்டிவிடுவார். காய் நறுக்குகிற தோலெல்லாம் அவர் வீட்டு வாசலில் ஒரு சாக்கில் கிடக்கும். அது எப்போது நிரம்பும், எப்போது வழியும் என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

“அண்ணே, இது சந்தா, இல்ல உங்க பரங்கிக்காய்த் தோல் காயப்போடுற இடமா? யாராவது வழுக்கி விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

“இந்தா எடுத்திட்டேன் தங்கச்சி, இந்தா எடுத்திட்டேன்லா.”

“தினம் இதான் சொல்றீங்க. ஒரு நாளைக்கு எவன் காலாவது ஒடியப்போவுது, அன்னிக்குத்தான் உங்களுக்குப் புத்தி வரும்!”

சந்து முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து பொறுக்குவார். அடுத்த வீட்டு ஆட்டுக்காரம்மா அந்தச் சாக்கைத் தூக்கிப்போய் ஆட்டுக்குப் போடுவாள். மத்தியானம் மீந்த குழம்பில் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும். அப்படி ஒரு குழம்பை அதற்குப் பிறகு நான் எங்கேயும் சாப்பிடவில்லை. ஆட்டுக்கறி சாப்பிடாத நாளில்கூட வெறும் குழம்பின் மணத்துக்கே என் வீட்டுக்காரர் ரெண்டு தட்டு சோறு போட்டுக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் இன்னொருத்தர் வண்டியை ஓட்டினார். துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு மூட்டை ஏற்றுகிற வண்டி. ஒன்பதாவது வருஷக் கடைசியில் சொந்தமாக ஒரு வண்டியும் ஒரு ஜோடி காளையும் வாங்கினார். சக்கரத்துக்குச் சிவப்பு, சட்டத்துக்குப் பச்சை. அது சந்துக்குள் நுழைந்த சாயங்காலம் பதினான்கு வீடும் வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள், பெண்கள் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மலாய்க்காரக் கிழவர் காளையின் திமிலைத் தடவிக் கொடுக்கிறார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்துக்கே சுண்டல் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வலது காளை வைக்கோலைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. வாயில் நுரை தள்ளியது. மாட்டு வைத்தியம் தெரிந்த ஆள் வந்து ஏதோ கஷாயம் ஊட்டிவிட்டு, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண் பட்டுவிட்டது! வேறென்ன? அத்தனை பேர் நின்று அப்படிப் பார்த்தால் கல்லும் வெடிக்காதா என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. படுத்தபடி ஒவ்வொரு வீட்டு முகமாக நினைத்துப் பார்த்தேன். இவளாக இருக்குமா, அவளாக இருக்குமா? என் கையால் சுண்டல் வாங்கித் தின்ற முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பாசாருக்குப் போனேன். வெண்பூசணி கிடைக்கவில்லை. மஞ்சள் பரங்கிக்காய்தான் இருந்தது, திருஷ்டிக்கு ஏதோ ஒன்று என்று அதை வாங்கினேன். கூடையில் வைத்து மேலே கீரையைப் போட்டு மூடி எடுத்து வந்தேன். சந்துக்குத் தெரிந்தால், “எங்க கண்ணு பட்டுதுன்னா உடைக்கிற?” என்று கேட்டுவிடுவார்களே! பொழுது சாய்கிற நேரம், எல்லாரும் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, காயைத் துளைத்துக் குங்குமம் கரைத்து ஊற்றி, வண்டியையும் காளையையும் மூன்று சுற்றுச் சுற்றி, சந்து முனையில் மூன்று வழி கூடுகிற இடத்துக்கு எடுத்துப் போனேன். வழக்கமாக உள்ளே காசு போடுவார்கள். நான் போடவில்லை. காசு இருந்தால் பிள்ளைகள் பொறுக்க வரும், வண்டியில் அடிபடும் என்று யோசித்தேன். பார்த்தீர்களா என் ஜாக்கிரதையை! ஓங்கிப் போட்டு உடைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதானே முறை.

இரவெல்லாம் நல்ல மழை. குங்குமத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. விதையையும் சதையையும்கூடக் கால்வாய்க்கு அடித்துப் போயிருக்கிறது, நாலைந்து தோல் துண்டுதான் ரோட்டில் ஊறிக் கிடந்திருக்கிறது.

காலையில் காளை வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நேரத்தில்தான் முச்சந்தியில் ‘ஐயோ’ என்று சத்தம். ஓடினேன். எப்போதும் எங்கள் சந்து முனையில் நிற்கிற சீன ரிக்‌ஷாக்காரர் கீழே கிடந்தார். ரிக்‌ஷா குப்புற விழுந்து ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஏறி வந்தவர், ஏதோ பெரிய ஆபீஸில் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா, வெள்ளைக் கோட்டெல்லாம் சேறாகி, முழங்கையில் ரத்தத்தோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். ரிக்‌ஷாக்காரர் கத்தவில்லை. வலது கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் காலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு துண்டு.

அந்த மனுஷர் எங்கள் சந்துக்குச் செய்யாத உதவியில்லை. எனக்கு மூத்தவன் பிறக்கும்போது ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துப் போனவர் அவர்தான். குழி வரும்போதெல்லாம் மெதுவாக, முட்டையைக் கொண்டுபோவது மாதிரி போனார். அந்தக் கால் ஓடினால்தான் அவருக்குச் சாப்பாடு.

கூட்டம் கூடிவிட்டது. குனிந்து அந்தத் துண்டை எடுத்த எங்கள் சந்துச் சலவைக்கார அக்கா, “பரங்கிக்காத் தோலு” என்றாள். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் சோற்றுக்கார அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியது. அண்ணன் அப்போது அங்கே இல்லை, விடியற்காலையே துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

“நீதான் படிச்சுப் படிச்சு சொன்னியே, எவன் காலாவது ஒடியப்போவுதுன்னு. அப்படியே ஆயிடுச்சு பாரு, நீ சொன்னது!” என்று சலவைக்கார அக்கா என்னைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தேன். ஒன்பது வருஷமாக அந்தச் சந்தில் மூடாத வாய்! அதிலிருந்து ஒரு “ம்” தான் வந்தது. அவ்வளவுதான் நான் சொன்னது. ஆனால் அந்த “ம்” போதுமானதாக இருந்தது. மாத்தா மாத்தாவே ஆமாம் என்று சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

ரிக்‌ஷாக்காரரை நாலு பேர் தூக்கிக்கொண்டு சீன எலும்பு வைத்தியரிடம் போனார்கள். கிராணி நேரே நகரசபை ஆபீஸுக்குப் போனார். மத்தியானமே சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தொப்பியும் காக்கிச் சட்டையும். சந்துக்காரர்களை விசாரித்தார். எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள்.

“நீங்கள் கன நாளாய் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறியளாம். நல்லது. நான் சனிக்கிழமை காலமை வருவன், நீங்கள் சொல்லுறதை எழுதிக்கொண்டு போகவேணும். குப்பை போட்டது அந்த ஆள்தான் எண்டால், அவரின்ரை லைசென்ஸை இனி வைக்கேலாது” என்றார்.

லைசென்ஸ் போனால் அண்ணன் கம்பைத் தோளில் தூக்க முடியாது. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. ஊரில் மனைவி, கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்கள். மாதாமாதம் அவர் அனுப்புகிறதில்தான் அங்கே அடுப்பெரிகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஊரிலிருந்து வருகிற கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவதே என் வீட்டுக்காரர்தானே.

புதன் சாயங்காலமும் வியாழன் முழுக்கவும் நான் வாசலில் நிற்கவில்லை. யார் அடுப்பையும் போய்ப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, “என்னக்கா, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்ஸ்பெக்டர் வராமலே போய்விட மாட்டாரா, ரிக்‌ஷாக்காரர் எழுந்து நடந்துவிட மாட்டாரா, எல்லாரும் இதை மறந்துவிட மாட்டார்களா என்று சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் பெயர் கெடாமல் எல்லாம் சரியாக வேண்டும். அதுதான் என் வேண்டுதல். எவ்வளவு கேவலம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். தொழுகைக்குப் போய்விட்டு வந்த வெள்ளைத் தொப்பி தலையில் இருந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“தங்கச்சி, நானும் ரெண்டு நாளா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்குப் பரங்கிக்காக் கொழம்பு வச்சது உண்மை. தோலைச் சாக்குலதான் போட்டேன்னு ஒரு நெனப்பு. ஆனா நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, நான் எத்தனை தடவை கேக்காம இருந்திருக்கேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆட்டுக்காரம்மா தூக்கிட்டுப் போறப்ப எங்கயாவது விழுந்திருக்கும். பாவம், அந்தச் சீனவரு காலு போச்சே என்னால.”

“அண்ணே...” என்றேன்.

“நாளைக்கு அவரு கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க. எனக்காகப் பொய் சொல்ல வேணாம். நீங்க பொய் சொல்ற ஆளும் இல்ல.” பொட்டலத்தைக் காட்டினார். “சீனவருக்குச் சோறு. மூணு வேளையும் நான்தான் குடுக்கிறேன். காரம் ஆகாதாம், தண்ணியா கொழம்பு ஊத்தியிருக்கேன்.”

போய்விட்டார். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். செய்யாத தப்பை அந்த மனுஷர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாரே! நாங்கள் ஏற்றியதை அவர் தட்டிவிடவில்லை, தானே ஏற்றிக்கொண்டார். என் வாய் மேல் அவ்வளவு நம்பிக்கை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் அதிகம் பேசாதவர். காளைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, “ஊரையே வாயாலதான கட்டி ஆண்ட? நாளைக்கும் அதே வாயைத் தொற” என்றார். பிறகு, “நானும் கூட நிக்கிறேன்” என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். முச்சந்தியிலேயே நின்றுகொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சந்தே சுற்றி நின்றது. அண்ணன் கம்பைத் தோளில் இருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டிகளில் இருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தினமும் அந்நேரம் துறைமுகத்தில் இருக்க வேண்டியவர்.

“சொல்லுங்கோ” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது அண்ணன் போட்ட தோல் இல்லீங்க. நான்தான் ஒடைச்சேன். முழுப் பரங்கிக்காய். செவ்வாக்கிழமை சாயங்காலம், இதே எடத்துல” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். திட்டும்போது எவ்வளவு சத்தமோ அவ்வளவு.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சொல்லுறியள்? நீங்களோ உடைச்சனீங்கள்?”

“ஆமாங்க. காளைக்கு ஒடம்பு சரியில்ல. திருஷ்டி கழிச்சேன்.”

“நடு றோட்டிலையோ? வழுக்கி விழுந்தால் என்ன செய்யிறது எண்டு ஊருக்கெல்லாம் சொல்லித் திரியிற ஆள் நீங்கள்தானே?” அவர் கோபமாகத்தான் கேட்டார். பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை அடக்கினார்கள். சிரிக்கட்டும், எனக்கு வேண்டும். நோட்டில் அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அபராதம் வந்தது, கட்டினோம். அது பெரிதில்லை.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறிப் போன பிறகும் யாரும் நகரவில்லை. சலவைக்கார அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் உடம்பு கூசியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. திருஷ்டி என்றால் யாரோ ஒருத்தருடைய கண் என்றுதானே அர்த்தம்? அதை வாய்விட்டுக் கேட்டது அண்ணன்தான்.

“யாரு கண்ணுக்குத் தங்கச்சி ஒடைச்சீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. காய் என்ன விலை என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். எப்படிச் சொல்வேன்? பதின்மூன்று வீட்டு ஆட்களும் என் முன்னால் நிற்கிறார்கள்.

“வண்டி வந்த அன்னிக்கு நான்தான் ரொம்ப நேரம் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். “ஒன்பது வருசம் ஒழைச்சு வாங்கியிருக்காரேன்னு பாத்தேன். சந்தோஷத்துலதான் பாத்தேன்.”

கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குழம்பு ஆறிப்போயிருக்கும்.

ரிக்‌ஷாக்காரருக்கு மூன்று மாதம் ஆனது. காலைச் சோறு அண்ணனுடையது, மத்தியானமும் ராத்திரியும் என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். நான் முதல் நாள் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு, எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னபோது, அவர் “தா அப்பா, தா அப்பா” என்று கையை அசைத்தார். பரவாயில்லை என்று அர்த்தம். அவருக்குப் பரவாயில்லையாம்! கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கால் கூடியது. கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் மறுபடி ரிக்‌ஷா இழுத்தார். முன்போல ஓட்டம் இல்லை. எங்கள் சந்துப் பெண்கள் அவசரமில்லாத வேலைக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

சந்து என்னை ஒதுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி அவளாகவே வந்து, “அக்கா, அடுப்பை அணைச்சிட்டேன், வந்து பாத்துக்க” என்று கூப்பிட்டாள். போனேன். கையை வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன். மணல் டின், சிரட்டை, மீன் தண்ணீர் எல்லாம் பழையபடி நடந்தன. நான் கத்துவதும் குறையவில்லை. பூசணிக்காய், பரங்கிக்காய் எதுவும் ரோட்டில் உடைக்கக் கூடாது, வேண்டுமானால் குழி தோண்டிப் புதை என்கிற புதுச் சட்டத்தையும் நானே போட்டேன்.

அண்ணனும் அப்படியேதான் இருந்தார். தங்கச்சி என்ற வார்த்தை மாறவில்லை. மத்தியானக் கிண்ணம் வந்தது. கடிதம் வந்தால் வாசிக்கக் கொண்டுவருவார். ஒன்றே ஒன்றுதான் மாறியது. எங்கள் வண்டி வாசலில் நிற்கும், அவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி அருகே வரும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். காளை குறுக்கே நின்றால் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு சுற்றிப் போவார். கோபத்தில் செய்யவில்லை. எங்களுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்று செய்தார். தோளில் அவ்வளவு பாரம், கழுத்தைத் திருப்புவதே கஷ்டம்.

முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொங்கலுக்குக் காளைகளுக்குக் கொம்பில் வர்ணம் அடித்து, மணி கட்டி, வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தோம். அவர் வந்தார், திருப்பிக்கொண்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! நடுச் சந்தில் போய் வழியை மறித்து நின்றேன்.

“அண்ணே, பாருங்கண்ணே. நின்னு நல்லாப் பாருங்க. கண்ணு பட்டா படட்டும்!”

அவர் நின்றார். சிரித்தார். “அழகா இருக்கு தங்கச்சி, ரொம்ப அழகா இருக்கு” என்றார். கண் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டி பதினோரு வருஷம் எங்கள் வாசலில் நின்றது. அவர் ஒரு நாள்கூட அதைப் பார்க்கவில்லை.